ஆறக்கூடாத காயம்

மற்ற அறுவை சிகிச்சை மருத்துவர்கள் எல்லோருக்கும் காயம் சீக்கிரம் ஆற வேண்டும். கிளாக்கோமா ஆபரேஷன் செய்கிறவர்களுக்கு மட்டும் அது முழுசாக ஆறிவிடக் கூடாது. கண்ணுக்குள் ஊறுகிற நீர் வடிய வழியில்லாமல் தேங்கி, அழுத்தம் ஏறி, பார்வை நரம்பை அரிக்கத் தொடங்கும்போது வெள்விழியில் ஒரு சின்ன மடலை வெட்டித் தூக்கி, அதன் அடியில் ஒரு வழி திறந்து விடுகிறோம். நீர் அந்த வழியாகக் கசிந்து, மேலிமைக்கு அடியில் மெல்லிய கொப்புளமாகத் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் கலந்துவிடும். டிரபெகுலெக்டமி என்று பெயர். கேம்பிரிட்ஜில் ஜான் கெய்ர்ன்ஸ் 1968-இல் விவரித்த முறை. அதற்குப் பிறகு எத்தனையோ மாற்றங்கள் வந்தாலும் அடிப்படை அதுதான். ஆனால் உடம்புக்கு நம் நோக்கம் தெரியாது. வெட்டு விழுந்த அன்றே தழும்பு போட்டு மூடும் வேலையை அது தொடங்கிவிடும். திறந்த வழியைத் திறந்தபடியே வைத்திருக்க அதனோடு மல்லுக்கட்டுவதுதான் என் தொழிலின் பெரும்பகுதி. அந்த மல்லுக்கட்டில் கத்தியைவிட மருந்துதான் அதிகம் கைகொடுத்திருக்கிறது.

நான் படிப்பை முடித்த 1980-களின் கடைசியில் இந்த ஆபரேஷன் மேல் யாருக்கும் முழு நம்பிக்கை இருக்கவில்லை. மறுநாள் கட்டைப் பிரிக்கும்போது கொப்புளம் அழகாக எழும்பியிருக்கும், அழுத்தம் பத்து பன்னிரண்டில் நிற்கும். நோயாளி கும்பிட்டுவிட்டுப் போவார். இரண்டு மாதம் கழித்து வரும்போது கொப்புளம் தட்டையாகி, அதன்மேல் ரத்தக் குழாய்கள் முறுக்கிக்கொண்டு நிற்கும், அழுத்தம் முப்பதைத் தொட்டிருக்கும். "வெட்டுறது அரைமணி நேரம்டா, காப்பாத்துறது ஆறு வாரம்" என்று என் ஆசிரியர் சொல்வார். அந்த ஆறு வாரத்தில் செய்வதற்கு அவர் கையில் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும், கண்ணை விரலால் அமுக்கிவிடும் மசாஜும்தான் இருந்தன.

வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்தது 1989-இல். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நான் இங்கே வந்தேன். அப்போது கிளாக்கோமா என்றால் வேலூர் ஷெல் ஆஸ்பத்திரிக்கோ சென்னை எழும்பூருக்கோதான் போவார்கள். போகிறவர்களைவிடப் போகாமல் விட்டவர்களே அதிகம். வலி இருக்காது, நேர்ப்பார்வை கடைசி வரை தெளிவாக இருக்கும், ஓரங்கள் மட்டும் சத்தமில்லாமல் கரைந்துகொண்டே வரும். மதுரை அரவிந்த் மருத்துவமனை நம் தமிழகக் கிராமங்களில் செய்த பெரிய கணக்கெடுப்பு 2003-இல் வெளியானது. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு இரண்டரைப் பேருக்கு மேல் இந்த நோய். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதுவரை அது இருப்பதே தெரியாது. இந்த ஊரில் அதற்குக் கணக்கெடுப்பே தேவையில்லை. பௌர்ணமிக் கூட்டத்தில் கிரிவலம் போய்விட்டு வந்து, "பக்கத்துல வர்றவங்க மேலயே இடிச்சுக்கிட்டுப் போறேன் சார், கண்ணு நல்லாத்தான் தெரியுது" என்பார்கள். சோதித்தால் இரண்டு ஓரமும் போயிருக்கும். இன்னொரு வகை உண்டு. கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் குறுகலாக இருந்து, அழுத்தம் திடீரென ஏறி இறங்குபவர்கள். அப்படி ஒரு அம்மா, மலைமேல் எரிகிற தீபத்தைச் சுற்றி வானவில் நிறத்தில் வட்டம் தெரிகிறது என்று ஒரு கார்த்திகையில் சொல்லிக்கொண்டு வந்தார். அதை அண்ணாமலையாரின் அருளாகவே அவர் எடுத்துக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை. இங்கே என்னிடம் வர வைத்ததும் அதே தீபம்தானே. அம்மை விளையாட்டாக ஐயனின் கண்களைப் பொத்த உலகமே இருண்டுபோனது, அந்தப் பிழை தீரத் தவமிருந்து இடப்பாகம் பெற்றாள் என்பது இந்தத் தலத்தின் கதை. கண் போனால் எல்லாம் போகும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டியிருந்ததில்லை.

தழும்பைத் தடுக்க எங்களுக்குக் கிடைத்த முதல் மருந்து ஃபுளூரோயுராசில். ஃபைவ்-எஃப்யூ என்போம். குடல், மார்பகப் புற்றுநோய்களுக்கு ஏற்கெனவே கொடுத்துவந்த மருந்து. புற்றுச் செல்கள் வேகமாகப் பெருகும், அதைத் தடுக்கிறது. தழும்பு போடும் செல்களும் ஆபரேஷன் ஆன வாரங்களில் வேகமாகத்தான் பெருகுகின்றன, அவற்றையும் தடுக்காதா என்று அமெரிக்காவில் யோசித்தார்கள். பல மையங்கள் சேர்ந்து செய்த அந்த ஆய்வின் முதல் முடிவுகள் 1989-இல் வந்தன. ஏற்கெனவே ஆபரேஷன் ஆகித் தோற்ற கண்களில்கூட இது நிற்கிறது என்று தெரிந்தபோது எங்களுக்கு வந்த உற்சாகத்தை இன்றைய இளம் டாக்டர்களுக்குப் புரியவைப்பது கடினம். ஆனால் அவர்கள் கொடுத்த முறையைப் பாருங்கள். முதல் வாரம் தினம் இரண்டு வேளை, அடுத்த வாரம் தினம் ஒரு வேளை, ஒவ்வொரு தடவையும் ஐந்து மில்லிகிராம். மொத்தம் 21 ஊசி, எல்லாம் கண்ணின் மேல்தோலுக்கு அடியில்.

ஆரணியில் பட்டு நெய்கிற ஒருவர், வயது நாற்பதுக்குள். ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது, மற்றதில் ஆபரேஷன் செய்து மூடிக்கொண்டது. இரண்டாவது முறை செய்து ஃபைவ்-எஃப்யூ போடலாம் என்று முடிவு செய்தேன். மருந்து சாதாரணக் கடையில் கிடைக்காது. ஐந்து மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள ஆம்பூலை வேலூரிலிருந்து வாங்கி வரச் சொன்னேன். வாங்கப் போன தம்பிக்காரரிடம் அங்கே யாரோ இது எதற்கான மருந்து என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை வீட்டு ஆட்கள் பத்துப் பேர் வந்து நின்றார்கள். மனைவி அழுதுகொண்டே, "எங்க வீட்டுக்காரருக்கு கேன்சரா சார், மறைக்காம சொல்லுங்க" என்றார். அன்றிலிருந்து இந்த மருந்துகளை எழுதுவதற்கு முன்னால் அது எங்கே பிறந்தது, கண்ணில் ஏன் போடுகிறோம் என்பதைக் குடும்பத்தோடு உட்காரவைத்துச் சொல்லிவிடுவது வழக்கமாயிற்று. அந்த ஊசி எரியும். காரத் தன்மை உள்ள மருந்து. கருவிழிமேல் கசிந்தால் மேல்தோலை உரித்துவிடும். அதனால் ஊசி எடுத்ததும் கண்ணை நன்றாகக் கழுவியாக வேண்டும். இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் தங்கினால் தறியில் யார் உட்காருவது? அவரால் வர முடிந்தது வாரத்துக்கு இரண்டு நாள்தான். அந்த அளவிலேயே கொப்புளம் நின்றது. பிறகு உலகம் முழுக்க 21 என்ற கணக்கைக் கைவிட்டு, கண்ணைப் பார்த்து, தழும்பு எழும் அடையாளம் தெரிந்தால் போடுவது என்ற இடத்துக்கு வந்தார்கள். ஏழை ஊர்களில் பஸ் கட்டணமும் கூலி இழப்பும் எங்களை முன்பே அந்த இடத்துக்குக் கொண்டுவந்திருந்தன.

ஊசித் தொல்லையே இல்லாமல் ஆபரேஷன் மேசையிலேயே வேலையை முடிக்கிற மருந்தாக வந்தது மைட்டோமைசின். 1950-களில் ஜப்பானில் மண்வாழ் நுண்ணுயிரியிலிருந்து எடுத்தது. அதுவும் புற்றுநோய் மருந்துதான். தைவானின் சென் அதைக் கிளாக்கோமா ஆபரேஷனில் 1983-இலேயே பயன்படுத்தியிருந்தாலும், எங்கள் கைக்கு அது வந்தது தொண்ணூறுகளில்தான். ஃபைவ்-எஃப்யூ தழும்புச் செல்களைச் சில வாரம் தூங்க வைக்கும். மைட்டோமைசின் அவற்றை எழவே விடாது. அதன் பலமும் ஆபத்தும் அதே ஒரு குணத்தில் இருக்கிறது.

அதை எப்படி வைக்கிறோம் என்று சொல்கிறேன். குப்பியில் இரண்டு மில்லிகிராம் பொடி. ஐந்து மில்லி நீரில் கரைத்தால் ஒரு மில்லிக்கு 0.4 மில்லிகிராம், பத்து மில்லியில் கரைத்தால் 0.2. கரைந்ததும் கத்தரிப்பூ நிறத்தில் கருநீலமாகத் திரண்டு நிற்கும். பஞ்சு மாதிரி உறிஞ்சும் ஸ்பாஞ்சைச் சின்னத் துண்டுகளாக வெட்டி அதில் நனைத்து, கண்ணின் மேல்தோலுக்கும் அதன் அடியிலுள்ள டெனான் உறைக்கும் கீழே, வெள்விழிமேல் படும்படி பரப்பி வைப்பேன். தோலின் வெட்டு விளிம்பில் மட்டும் மருந்து பட்டுவிடக் கூடாது, பட்டால் தையல் போட்ட இடம் சேராது. சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்து முப்பது வினாடிக்கு ஒருமுறை குரல் கொடுப்பார். நேரம் ஆனதும் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுப்பேன். "ஒண்ணு... ரெண்டு... மூணு, நாலு. நாலும் வந்தாச்சு சார்" என்று அவர் சத்தமாகச் சொன்ன பிறகுதான் கழுவத் தொடங்குவேன். ஒரு துண்டு உள்ளே தங்கினால் என்ன ஆகும் என்பதை நினைக்கவும் முடியாது. உப்பு நீரால் நிறையக் கழுவ வேண்டும். கண்ணின் மூலையில் வழியும் நீரில் ஊதா நிறம் அறவே போகும் வரை கழுவ வேண்டும். அந்த ஸ்பாஞ்சையும் ஊசியையும் சாதாரணக் குப்பையில் போடுவதில்லை. இந்த நிமிடங்களில் எங்கள் தியேட்டரில் யாரும் பேசுவதில்லை. கைபேசி வந்த பிறகு அதை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லிவிட்டேன்.

எத்தனை நிமிடம், எவ்வளவு செறிவு? ஆரம்பத்தில் 0.4-ஐ ஐந்து நிமிடம் வைத்த ஆய்வுகளைப் படித்துவிட்டு எல்லோரும் அப்படியே வைத்தார்கள். நம் நாட்டுக் கண்களுக்கு எது சரி என்ற கேள்விக்கு மதுரையிலிருந்தே பதில் வந்தது. அரவிந்தின் ராமகிருஷ்ணன், கிருஷ்ணதாஸ், அமெரிக்காவின் ஆலன் ராபின் ஆகியோர் சேர்ந்து, மருந்தே இல்லாத ஒரு பிரிவையும், செறிவும் நேரமும் மாறுகிற மற்றப் பிரிவுகளையும் ஒப்பிட்ட ஆய்வு 1997-இல் வெளியானது. மைட்டோமைசின் வைத்த கண்களில் அழுத்தம் நன்றாக இறங்கியது. கூடவே கண்புரை வருவதும் அதிகமாயிற்று. நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது, தேவைக்கு மேல் ஒரு நிமிடம்கூட வைக்க வேண்டியதில்லை என்பதை. அப்படி ஓர் ஆய்வு நம் மதுரையில், நம் கிராமத்து ஜனங்கள் கண்களில் நடந்தது என்பதில் எனக்கு இன்றும் பெருமை.

மிதமிஞ்சினால் என்ன நடக்கும் என்பதை அந்த ஆண்டுகளில் எங்கும் பார்த்தார்கள். அழுத்தம் ஐந்துக்கும் கீழே இறங்கி, கண் தொய்ந்து, உள்ளே விழித்திரை மடிந்து, ஆபரேஷனுக்கு முன் படித்தவர் பின் படிக்க முடியாமல் போவது. கிட்டப்பார்வை உள்ள இளைஞர்களுக்கு இது அதிகம். இன்னொன்று, அதைவிட மோசமானது. மருந்து ஓரிடத்தில் குவிந்து வேலை செய்ததால் கொப்புளம் வெளுத்து, ரத்தக் குழாயே இல்லாமல் தாள்போல மெலிந்து, பல வருடம் கழித்து அதன் வழியாகக் கிருமி உள்ளே போய்விடும்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமத்து ஆயா. வேறு ஊரில் ஆபரேஷன் ஆகிப் பல வருடம். நன்றாகத்தான் இருந்திருக்கிறார். மல்லாட்டை பிடுங்குகிற காலம், கண்ணில் தூசி விழுந்து சிவந்திருக்கிறது. நந்தியாவட்டைப் பூவைக் கசக்கி விட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் என்னிடம் வரும்போது கொப்புளம் முழுக்கச் சீழ், கருவிழிக்குப் பின்னால் சீழ் தேங்கிக் கோடு கட்டியிருந்தது. கண்ணுக்குள்ளேயே ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டு, அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். விரல் எண்ணும் பார்வைதான் மிஞ்சியது. "சிவந்த அன்னைக்கே ஏன் ஆயா வரல?" என்று கேட்டேன். "ஆபரேசன் ஆயி எட்டு வருசம் ஆச்சே சாமி, அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?" என்றார். அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதற்குப் பிறகு எங்களிடம் டிரபெகுலெக்டமி ஆன ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை தருகிறோம். கண் சிவந்தால், வலித்தால், பீளை தள்ளினால், மங்கினால் எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் அன்றே வர வேண்டும் என்று பெரிய எழுத்தில் இருக்கும். ஆருத்ரா தரிசனத்துக்குப் பிறகு தீப மை கொண்டுவருகிறவர்களிடம், நெற்றியில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கண்ணில் மட்டும் இட வேண்டாம் என்பேன். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனையில் பெங் காவ் காட்டிய வழி, கொப்புளம் மெலிந்துபோகும் இந்தப் பிரச்சினையைப் பெரிதும் குறைத்தது. மருந்தைச் சின்ன இடத்தில் குவிக்காமல், தோலைப் பின்னுக்குத் தள்ளி அகலமாக, பரவலாக வைப்பது. ஏரி நீரை ஒரே இடத்தில் கரையை உடைத்து விடாமல் பல மதகுகள் வழியாகப் பரவ விடுகிற மாதிரி. கொப்புளம் தாழ்வாக, அகலமாக, ரத்த ஓட்டத்தோடு அமையும். நிமிடங்களையும் குறைத்தோம். இப்போது என்னைவிட இளையவர்கள் ஸ்பாஞ்சே வைப்பதில்லை. ஆபரேஷன் தொடங்கும் முன்பே டெனான் உறைக்கு அடியில் அளந்த மருந்தை ஊசியாகப் போட்டு விரலால் பரப்பிவிடுகிறார்கள். துண்டு எண்ணும் கவலை இல்லை. இத்தனை வருடமும் நாங்கள் கண்ணுக்கு வைத்தது புற்றுநோய்க்கென அனுமதி பெற்ற குப்பியைத்தான். கண்ணுக்கென்றே தயாரித்த மைட்டோமைசினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 2012-இல்தான்.

இவ்வளவு சொல்லிவிட்டேன், ஆனால் என் அனுபவத்தில் ஆபரேஷனை அதிகம் காப்பாற்றிய மருந்து இவை இரண்டுமே இல்லை. சாதாரண ஸ்டீராய்டு சொட்டு மருந்துதான். பிரெட்னிசோலோன் சொட்டு, முதலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஆறு முதல் எட்டு வாரம். ஆபரேஷனுக்குப் பின் ஸ்டீராய்டு சொட்டு விட்டவர்களுக்கும் விடாதவர்களுக்கும் உள்ள வித்தியாசம் பல வருடம் கழித்தும் தெரிகிறது என்று எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த ஆய்வுகள் காட்டின. இது மற்ற மருந்துகளைப் போல் என் கையில் இல்லை. வீட்டில் யார் விடுகிறார்கள், எப்படி விடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. பிரெட்னிசோலோன் அசிட்டேட் தண்ணீரில் கரைந்த மருந்தல்ல, தண்ணீரில் மிதக்கிற பொடி. குப்பியை நிறுத்தி வைத்தால் மருந்து அடியில் படிந்துவிடும். குலுக்காமல் விட்டால் முதல் பத்து நாளும் கண்ணில் விழுவது பெரும்பாலும் தண்ணீர்தான். "சொட்டு ஒழுங்கா விடுறோம் சார்" என்று சத்தியம் செய்வார்கள், கண் சிவந்தே இருக்கும். குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். எங்கள் சிஸ்டர்கள் இதை வாயால் சொல்வதோடு விடுவதில்லை. குப்பியைக் கையில் கொடுத்துக் குலுக்கச் சொல்லி, கீழிமையை இழுத்து ஒரு சொட்டு விடச் சொல்லிப் பார்த்த பிறகே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கடிகாரம் பார்க்கத் தெரியாத வீட்டில் முதல் பஸ், பள்ளிக்கூட மணி, பால் வண்டி, விளக்கு வைக்கிற நேரம் என்று பிரித்துக் கொடுப்போம். கண்பாவையை விரிக்கும் அட்ரோபின் சொட்டும் போட்டால் சில வாரம் மங்கலாகத் தெரியும், அது ஆபரேஷன் கெட்டதால் அல்ல என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே எல்லா மருந்தையும் நிறுத்திவிடுவார்கள்.

போளூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன். பதினான்கு வயது. வெயில் காலம் வந்தாலே கண் அரிப்பு, சிவப்பு. யாரோ ஒருமுறை எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு சொட்டை மருந்துக்கடையில் சீட்டில்லாமலே வாங்கி மூன்று வருடமாக விட்டுவந்திருக்கிறார்கள். விட்டதும் அரிப்பு நிற்கும், அதனால் தாய்க்கு அது நல்ல மருந்து. என்னிடம் கொண்டுவந்தபோது அழுத்தம் இரண்டு கண்ணிலும் நாற்பதுக்கு மேல். வலது கண் நரம்பு வெளுத்துப்போயிருந்தது. நிறுத்தினோம், மற்ற மருந்தெல்லாம் கொடுத்தோம், இறங்கவில்லை. ஆபரேஷன்தான். சின்ன வயதில் காயம் பலமாக ஆறும், டெனான் உறை தடிமனாக இருக்கும், அதனால் மைட்டோமைசின் இல்லாமல் முடியாது. ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டீராய்டு சொட்டும் அதே கண்ணில் விட்டாக வேண்டும். அவன் அப்பா லாரி ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். சீட்டைப் பார்த்ததும் கையை நீட்டவில்லை. "இந்த மருந்தாலதானே சார் என் புள்ள கண்ணு போச்சு? அதையேதானே மறுபடி விடச் சொல்றீங்க?" என்றார்.

நியாயமான கேள்வி. தாளில் படம் போட்டுக் காட்டினேன். ஸ்டீராய்டு அழுத்தத்தை ஏற்றுவது கண்ணின் பழைய வடிகாலை அடைப்பதால். இப்போது நீர் அந்த வழியாகப் போகப்போவதில்லை, புது வழியில் போகிறது. அந்தப் புது வழியைத் தழும்பு மூடாமல் காக்கத்தான் இது. எட்டு வாரம், அதுவும் ஆபரேஷன் ஆன கண்ணில் மட்டும், வாராவாரம் நான் அழுத்தம் பார்க்கும்போது மட்டும். அடுத்த கண்ணில் ஒரு சொட்டு விழக் கூடாது. எட்டு வாரம் முடிந்ததும் மிச்சக் குப்பியை என்னிடம் திருப்பித் தர வேண்டும். அவர் திருப்பித் தந்தார். லாரி ஓட்டி வந்த களைப்போடு ஒவ்வொரு வாரமும் பையனை அழைத்து வந்து, கடைசி நாளில் குப்பியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அவனுக்கு இப்போது திருமணமாகிவிட்டது. வலது கண்ணில் ஓரப் பார்வை போனது போனதுதான். மற்றது நிற்கிறது. மருந்துக்கடைகளில் ஸ்டீராய்டு சொட்டு சீட்டில்லாமல் கைமாறுவது இன்னும் நிற்கவில்லை. இந்த வட்டாரத்தில் கண் போன பிள்ளைகளைப் பார்த்த எனக்கு அதைப் பற்றி மெல்லிய குரலில் பேச முடிவதில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் செய்கிற வேலையும் இருக்கிறது, அதை ரொம்ப நாள் யாரும் யோசிக்கவில்லை. பத்து வருடமாகப் பிரஷர் மருந்து விட்டவரின் கண் மேல்தோல், மருந்தும் அதில் கெடாமலிருக்கக் கலக்கும் பென்சால்கோனியம் குளோரைடும் பட்டுப் பட்டு, எப்போதும் லேசாக வெந்தே இருக்கும். அந்தத் தோலில் வெட்டினால் தழும்பு முந்திக்கொள்ளும். முடிந்த மருந்தை நிறுத்தி, லேசான ஸ்டீராய்டு சொட்டைச் சில வாரம் கொடுத்துக் கண்ணை ஆறவிட்டால் பலன் கூடும் என்று மூர்ஃபீல்ட்ஸில் பிராட்வே குழு 1996-இல் காட்டியது. அந்த இடைவெளியில் அழுத்தத்தைப் பிடித்து வைக்க அசிட்டசோலமைடு மாத்திரை. விரல் நுனி மதமதக்கும், சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு ஆகாது. வெள்ளைக் கண்ணாக மேசைக்கு வருகிறவரின் ஆபரேஷன் நிற்கிறது. சிவந்த கண்ணில் அவசரமாகச் செய்தது அவ்வளவாக நிற்பதில்லை.

பெரிதாகப் பேசப்பட்டு வராமல் போன மருந்துகளும் உண்டு. தழும்பைத் தூண்டும் ஒரு புரதத்தை மட்டும் குறிபார்த்துத் தடுக்கும் லெர்டெலிமுமாப் என்ற எதிர்ப்பொருளுக்காகப் பல வருடம் காத்திருந்தோம். பெரிய ஆய்வில் அது வெறும் நீரைவிட மேலாகச் செயல்படவில்லை. தென்னாப்பிரிக்காவில் ஸ்ட்ரான்ஷியம் கதிரை ஒருமுறை காட்டியே தழும்பைக் குறைத்ததாக 2006-இல் வந்தது. நல்ல முடிவு, ஆனால் அந்தக் கருவி எங்கள் ஊர்களை எட்டவே இல்லை. பெவசிசுமாப் மட்டும் தனக்கென ஓர் இடம் பிடித்தது. சர்க்கரை நோயால் கண்ணுக்குள் புது ரத்தக் குழாய் முளைத்து அழுத்தம் ஏறியவர்களுக்கு முதலில் அந்த ஊசியைக் கண்ணுக்குள் போட்டால் சில நாளில் குழாய்கள் வதங்கும். பிறகு வெட்டினால் ரத்தம் கொட்டாது. திருவண்ணாமலையில் சர்க்கரை நோயாளிகள் பெருகப் பெருக இந்த ஊசியும் பெருகியிருக்கிறது. மருந்தால் காப்பாற்ற முடியாத கண்களுக்கு 2013-இலிருந்து மதுரை ஆரோலேப் நிறுவனத்தின் வடிகால் குழாய் இருக்கிறது. வெளிநாட்டுக் குழாயின் விலையைக் கேட்டே திரும்பிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால் இதன் அருமை தெரியும். தழும்பு அந்தக் குழாயையும் விடுவதில்லை. இப்போது வெளிநாட்டில் வருகிற மெல்லிய ஜெல் குழாய்களுக்கும் கூடவே மைட்டோமைசின் வைக்கத்தான் செய்கிறார்கள்.

இப்போது பெரிய மாற்றம் மருந்தில் இல்லை, தகவலில். முன்பெல்லாம் மூன்றாம் வாரம் வராதவரை நினைத்துக்கொண்டே இருப்பேன், வேறு வழியில்லை. இப்போது சிஸ்டர் போன் செய்கிறார். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு மேலே ஒரு குடியிருப்பில் இருக்கும் பெரியவர், ஆபரேஷன் ஆகி ஐந்தாவது வாரம், மழையில் பாதை சரிந்ததால் போன வாரம் வரவில்லை. பேத்தி பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மேலிமையைத் தூக்கிப் பிடித்து, கீழே பார்க்கச் சொல்லி, வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்ப அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தோம். நேற்று மாலை படம் வந்தது. கொப்புளத்தின் இடப்பக்கம் நல்ல வெளுப்பு, வலப்பக்கம் முறுக்கிய சிவப்புக் குழாய்கள், கொப்புளம் அந்தப் பக்கம் இறுகத் தொடங்கியிருக்கிறது. ஸ்லிட் லாம்ப் முன்னாலேயே உட்காரவைத்து, மரத்துப்போகும் சொட்டு விட்டு, மெல்லிய ஊசி நுனியால் ஒட்டிய இடத்தைப் பிரித்துவிட்டு, ஃபைவ்-எஃப்யூ ஒரு தடவை போட்டால் திறந்துகொள்ளும். இன்னும் ஒரு வாரம் விட்டால் திறக்காது. "நாளைக்கு முதல் பஸ்லயே தாத்தாவைக் கூட்டிக்கிட்டு வாம்மா, சாயங்காலம் அனுப்பிடறேன்" என்றேன். "பரீட்சை இருக்கு சார், மாமாவை அனுப்புறேன்" என்றாள். மருந்து பாட்டிலை எடுத்துவரச் சொல்லும்படியும், அடியில் படிந்திருக்கிறதா என்று இன்று இரவே பார்க்கும்படியும் சொல்லி வைத்தேன். ஃபைவ்-எஃப்யூ ஆம்பூல் இருப்பில் இருக்கிறதா என்று சிஸ்டர் பார்த்துவிட்டார், இரண்டு இருக்கிறது.